மாப்பிள்ளையின் தலையும் ஒரு மீட்டரும்

பெண் எடுத்த வீட்டில் ஒருவர் மாப்பிள்ளை என்று பெயர் வாங்கிவிட்டால் பல் விழுந்தாலும் அவர் மாப்பிள்ளைதான். இந்த மாப்பிள்ளைக்குப் பல் அத்தனையும் இருந்தது. முடிதான் இல்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஏறுங்க, ஏறுங்க" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால், அடுத்த நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொள்வார்கள். நம்பாதவர்கள் அந்தப் பஸ்ஸில் ஏறாதவர்கள்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்தவர். ஊரில் பாதிப் பேரை எலும்பாகவே பார்த்துப் பழகியதில் அவருக்கு முகம் ஞாபகம் நிற்காது. தெருவில் யாராவது சிரித்து வணக்கம் வைத்தால், கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "நீங்க இடது தோள்பட்டைதானே?" என்பார். சரியாகவும் இருக்கும்.

இருட்டறையிலேயே காலம் போன கைக்கு, வேலையை விட்டதும் அரிப்பு எடுத்தது. ஒருநாள் பழைய சாமான் கடைக்கு இடியாப்பச் சிக்கலாய்க் கிடந்த வயர்களைப் போட்டுவிட்டு வரப் போனவர், ஒரு கேமராவோடு திரும்பி வந்தார்.

என்ன கேமரா என்கிறீர்கள்! பாட்டரி கிடையாது. பின்னால் திரை கிடையாது. உள்ளே பல்சக்கரமும் வில்லும் துணித்திரையும்தான். கனம் என்றால் அப்படி ஒரு கனம். சுத்தியல் கிடைக்காவிட்டால் அதை வைத்து ஆணி அடித்துவிட்டு, அடித்த ஆணியை அதிலேயே படமும் எடுத்துக்கொள்ளலாம். ஷட்டர் சத்தமோ, எறும்பு தும்மினாற்போல இருக்கும். எடுத்தது எடுக்கப்பட்டவருக்கே தெரியாது.

அதில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே ஓரமாகத் தனிச் சாளரம் ஒன்று உண்டு. கண்ணை வைத்தால் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்துக்குள் உலகத்தில் எல்லாருக்கும் இரண்டு மூக்கு. லென்ஸில் உள்ள வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு மூக்கும் நெருங்கி வந்து ஒன்றாகிவிட்டால் படம் துல்லியம் என்று அர்த்தம். இன்னொரு அதிசயம், சாளரத்தில் மிதக்கும் வெள்ளைக் கோட்டுச் சட்டம். சட்டத்துக்குள் இருப்பது படத்தில் விழும். வெளியே இருப்பது விழாது, ஆனால் கண்ணுக்குத் தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து நாய் ஓடி வருகிறது, எந்தச் சித்தப்பா குறுக்கே புகப் பார்க்கிறார் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

முதல் தடவை அந்தச் சாளரத்தில் எட்டிப் பார்த்த மாப்பிள்ளை, "அடேங்கப்பா, இதுல பாத்தா நம்ம வீடே நல்லா இருக்கே!" என்றார். அன்றிலிருந்து கேமராவுக்கு அடிமை. கேமராவுக்கா, மனைவிக்கா என்று கேட்டால் இரண்டு உருவமும் ஒன்றாய்ச் சேர்ந்துவிட்ட கதைதான்.

வெளிச்சம் அளக்கத் தனியாக ஒரு மீட்டர். உள்ளங்கை அளவு. வெளிச்சம் பட்டால் அதன் முள் தானாக எழும்பும். முள் நிற்கும் இடத்தைப் பார்த்து லென்ஸின் துளையையும் ஷட்டரின் வேகத்தையும் கையால் வைத்துக்கொள்ள வேண்டும். கேட்கச் சுலபம். ஆனால் மீட்டர் ஒரு பிடிவாதக்காரப் பயல். உலகத்தில் உள்ளதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது முடிவு கட்டி வைத்திருக்கிறது. வெள்ளைச் சுவரைக் காட்டினால், "ஐயோ, வெளிச்சம் கூடிப்போச்சு, குறை" என்னும். சொன்ன பேச்சைக் கேட்டால் சுவர் அழுக்காகும். கரி மூட்டையைக் காட்டினால், "வெளிச்சம் போதாது, கூட்டு" என்னும். கேட்டால் கரி சாம்பலாகும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கடையில் சாம்பல் அட்டை ஒன்று வாங்கி, அதைக் காட்டி அளப்பார்கள்.

எக்ஸ்ரேக்காரம்மாவும் வாங்கினார். வாங்கிய அன்றே பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினார். வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தவர் எதிரே பார்த்தார். மாப்பிள்ளை குனிந்து செருப்பு தேடிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அப்படியே இருங்க. நிமிராதீங்க."

அந்தத் தலைக்கு ஒரு சாண் மேலே மீட்டரைப் பிடித்தார். மறுநாள் பஸ் டிப்போவில் போய் அட்டையை மீட்டு வந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். முள் ஒரு மயிரிழை நகரவில்லை! மாப்பிள்ளையின் வழுக்கை அச்சு அசல் நடுச்சாம்பல். எந்தத் தொழிற்சாலையிலும் இவ்வளவு பிசகில்லாமல் செய்ய முடியாது. அட்டை அலமாரிக்குப் போனது. தலை பணிக்கு வந்தது. எண்ணெய் தடவினால் பளபளப்பில் முள் ஏமாறும் என்று எண்ணெய்க்குத் தடை. எங்கே படம் எடுத்தாலும் மாப்பிள்ளை முதலில் போய், படத்தில் விழப்போகிறவர் நிற்கும் வெளிச்சத்திலேயே நின்று தலையைக் குனிவார். அம்மா மீட்டரை நீட்டுவார்; முள்ளை மட்டும் பார்ப்பார்; துளையை வைப்பார்; போவார். மாப்பிள்ளை நிமிர்ந்து வழுக்கையை ஒரு தட்டுத் தட்டிக்கொள்வார், குதிரைக்காரன் குதிரையைத் தட்டுவதுபோல. "லென்ஸ் அவளோடது, தலை என்னோடது" என்று சொல்லிக்கொள்ளாத நாள் இல்லை.

இனி, அம்மாவின் அண்ணன் விஷயம். ஆற்றோரக் கப்பல் கட்டும் தளத்தில் அவர் பெரிய மேஸ்திரி. கட்டி முடித்த கப்பலைச் சரிவுப் பாதையில் தண்ணீருக்கு இறக்கும்போது, கடைசி ஆப்பைச் சம்மட்டியால் அடித்து எடுப்பது அவர் கை. அந்த ஆப்பு பறக்கும்வரை கப்பல் ஒரு கட்டடம். பறந்த பிறகுதான் கப்பல். அவருடைய சம்மட்டியடிக்கு மீன்பிடிக் கப்பல், மணல் கப்பல், பயணிகள் கப்பல் எல்லாம் பதில் சொல்லியிருக்கின்றன. ஆற்றில் மிதப்பதில் முக்கால்வாசியை அவர்தான் மிதக்கவிட்டார் என்று மாப்பிள்ளை சொல்வார். மீதிக் கால்வாசி வாத்து.

ஆனால் ஒரு படத்தில்கூட அவர் முகம் இல்லை. ஆப்பு இருப்பது கப்பலின் மூக்குக்கு அடியில், கும்மிருட்டில். பின்னால் ஆறு வெயிலில் கண்ணைப் பறிக்கும். கம்பெனிப் படக்காரருக்குக் கப்பலும் ஆறும் அழகாக விழ வேண்டும். அது அவர் வேலை. அந்த அளவுக்கு வைத்தால் அடியில் நிற்கும் ஆள் கரி உருவம். ஒவ்வொரு படத்திலும் அழகான கப்பல், அழகான ஆறு, நடுவில் கறுப்பாக ஒரு சமாச்சாரம்.

"அது நான்தான்" என்பார் மேஸ்திரி.

"என்ன சாட்சி?" என்பார் அவர் மனைவி, அம்மாவுக்கு அண்ணி. "அது ஆளா, தூணான்னே தெரியல. கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்படி ஒரு தூணக் காட்டிட்டு இருக்காரு."

பார்வையாளரோடு வந்து பார்க்கலாமே என்றால், கப்பல் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று அண்ணிக்குப் பயம். ஒருநாளும் போனதில்லை.

ஓய்வு நெருங்கியது. அடுத்து இறங்கப்போகும் கப்பல்தான் மேஸ்திரிக்குக் கடைசி. தங்கை வீட்டுக்கு வந்தார். காபி ஆடை கட்டும்வரை டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், தூணு மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"நீயும் ஆரம்பிச்சிட்டியா மாப்ள? அவ ஒருத்தி பத்தாதா?" தங்கை பக்கம் திரும்பினார். "ஏம்மா, உன் கேமரால என் மூஞ்சி விழுமா? ஒண்ணே ஒண்ணு போதும். நான் போனப்புறம் அந்தக் கருப்பு யாருன்னு கேட்டா, சொல்றதுக்கு ஆள் இருக்காது."

கடைசி வரியைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை.

"விழும்ணா. ஆத்தப் பாத்து அளந்தாத்தானே நீ கருப்பு? நான் உன் நிழலப் பாத்து அளக்கறேன். இவரு தலை எதுக்கு இருக்கு?"

"அதுக்காச்சும் உதவுதே" என்றார் மச்சான்.

கப்பல் இறங்கும் நாள் வந்தது. தளத்தின் வாசலில் பாதுகாப்பு அதிகாரியான ஒரு பெண், ஆரஞ்சுச் சட்டையும் ஊதலுமாக நின்று, வந்தவர்களுக்கெல்லாம் வெள்ளை ஹெல்மெட் கொடுத்தார். "உள்ள இருக்கிறவரைக்கும் கழட்டக் கூடாது. கழட்டினா அடுத்த நிமிஷம் வெளிய. யாரா இருந்தாலும் சரி."

மாப்பிள்ளைக்கு அந்த ஹெல்மெட் அப்படிப் பொருந்தியது. அலுவலக ஜன்னல் கண்ணாடியில் மூன்று கோணத்தில் பார்த்துக்கொண்டார். "ஏம்மா, ஒரு கப்பலையே நான்தான் கட்டின மாதிரி இல்ல?"

"கட்டின மாதிரிதான் இருக்கு. வாங்க."

கப்பல் என்றால் சாதாரணக் கப்பலா? தலையை அண்ணாந்து பார்த்தால் கழுத்து முதுகில் இடிக்கும். அதன் மூக்கு பார்வையாளர்களுக்காகக் கயிறு கட்டிய இடத்தின்மேல் நிழலைப் போட்டிருந்தது. மேஸ்திரி நிற்கும் இடமும் அதே நிழல்தான். அளக்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. மேஸ்திரி தூரத்திலிருந்து கையசைத்து, எதிர்ப்பக்கம் இருந்த ஒரு மரமேடையைக் காட்டினார். அங்கே தங்கை ஒருத்தி மட்டும் நிற்க அனுமதி வாங்கி வைத்திருந்தார்.

சங்கு ஊதியது. அம்மா பரபரத்தார். "குனிங்க, குனிங்க."

மாப்பிள்ளை பக்தியோடு குனிந்தார். அம்மா ஒரு சாண் மேலே மீட்டரைப் பிடித்தார். வழக்கம்போல முள்ளை மட்டும் பார்த்தார். முள் நன்றாகவே எழும்பியிருந்தது. ஆற்று வெளிச்சம் நிழலுக்குள்ளும் வீசுகிறது போல என்று நினைத்து, துளையைச் சுருக்கி வைத்துக்கொண்டு, மேடைக்கு ஓடினார்.

தளத்து ஆட்கள் கப்பலின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று ஆப்புகளை அடிக்கத் தொடங்கினார்கள். அத்தனை சம்மட்டியும் ஒரே தாளத்தில்! பூமிக்குப் பல்வலி வந்ததுபோல் ஒரு சத்தம். எதிரே மேடையில் மனைவி கேமராவைக் கண்ணில் வைத்ததைப் பார்த்த மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. வழக்கம்போல வழுக்கையை ஒரு தட்டுத் தட்டினார்.

'டொக்' என்றது.

மறுபடி தட்டினார். மறுபடி 'டொக்'.

அளந்தது தலையை இல்லை. ஹெல்மெட்டை! பால் வெள்ளை ஹெல்மெட்டை! மீட்டர் தன் புத்தியைக் காட்டி, வெளிச்சம் கூடிப்போச்சு என்று சொல்லியிருக்கிறது. அவளும் துளையைச் சுருக்கிவிட்டாள். மச்சான் இந்தத் தடவையும் தூண். கடைசித் தடவையும் தூண்.

"துளையத் தெற! துளையத் தெறம்மா!" என்று கத்தினார். அடுத்த நிறுத்தத்தையே எழுப்பிய குரல், பக்கத்தில் நின்றவர் காதுக்கே போகவில்லை. சம்மட்டிகள் விழுங்கிவிட்டன. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் குரல் தோற்றது.

மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றினார்.

ஊதல் காதைக் கிழித்தது. அதிகாரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். மாப்பிள்ளை ஒரு கையில் ஹெல்மெட்டை உயரத் தூக்கி ஆட்டினார். இன்னொரு கையால் தலையைப் பளார் பளார் என்று அறைந்துகொண்டார். பிறகு அந்தக் கையை மூடி, விரல்களைப் பூ விரிவதுபோல அகல விரித்துக் காட்டினார். மூடினார், விரித்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் பயந்து தன் மனைவியை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

மேடையில் அம்மாவின் கண் கேமராவில்தான் இருந்தது. வேறு வகைக் கேமராவாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இந்தச் சாளரத்தில், வெள்ளைச் சட்டத்துக்கு வெளியே, வலது ஓரத்தில், கூட்டத்து வெள்ளை ஹெல்மெட்டுகளுக்கு நடுவில் மாநிறமாக ஓர் உருண்டை குதித்தது. அத்தனை வெள்ளைக்கு நடுவில் ஒரே ஒரு சாம்பல். அதைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. "ஐயய்யோ" என்று அவர் உதடு அசைந்தது இங்கிருந்தே மாப்பிள்ளைக்குத் தெரிந்தது. கை லென்ஸுக்குப் போனது. வளையத்தைத் திருப்பியது.

எந்த வளையத்தை? லென்ஸில் இரண்டு வளையம். ஒன்று துளைக்கு, மற்றது மூக்கைச் சேர்ப்பதற்கு. எதைத் திருப்பினாள் என்று பார்ப்பதற்குள் அதிகாரி முழங்கையைப் பிடித்து, காதருகே வந்து கத்தினார்.

"சொன்னேன்ல சார்? வெளிய வாங்க."

"அம்மா, தாயே, என் தலை இல்லாம அங்க ஒரு ஆளுக்கு முகம் கிடையாதும்மா!"

"உங்க தலைமேல ஒரு போல்ட்டு விழுந்தா உங்களுக்கும் கிடையாது. நடங்க."

மாப்பிள்ளை நடந்தார்.

வாசலுக்கு வெளியே, சைக்கிள்கள் நிறுத்தியிருந்த கொட்டகைப் பக்கம் நின்றபோது, உள்ளே சம்மட்டிகள் ஒரே வீச்சில் ஓய்ந்தன. அந்த மௌனத்தில் ஒரே ஒரு அடி கேட்டது. மச்சானின் அடி. பிறகு மரம் முனகியது, இரும்பு பெருமூச்சு விட்டது, நிலம் உள்ளங்காலில் நடுங்கியது. அப்புறம் ஆறு 'ஹோ'வென்று எழுந்த சத்தமும் கூட்டத்தின் கூச்சலும். பக்கத்துச் சைக்கிளின் மணி தானாகக் கிணுங்கியது. கொட்டகையின் தகரச் சுவரைப் பார்த்தபடி மாப்பிள்ளை முழுக் கப்பலையும் காதால் பார்த்தார். பின்னாளில் அந்தக் காட்சியை அவர் வர்ணித்த அழகுக்கு, கண்ணால் பார்த்தவர்கள் கிட்டேகூட வர முடியவில்லை.

அம்மா வெளியே வந்ததும் ஓடினார். "தெறந்தியா?"

"தெறந்தேன்."

"எவ்வளவு?"

"அதக் கேக்காதீங்க. வெள்ளைக்கும் உங்க தலைக்கும் எவ்வளவு வித்தியாசம்னு நான் என்னிக்காவது அளந்தேனா? ஒல்லி ஆள் நெஞ்சுக்கும் குண்டு ஆள் நெஞ்சுக்கும் எக்ஸ்ரேல குத்துமதிப்பா கூட்டுவோம்ல, அந்த மாதிரி ரெண்டு படி தெறந்து, அதுக்கும் மேல அரைப் படி தள்ளினேன்." பிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்தும் நெம்புகோலைத் தடவினார். "அடுத்தது எடுக்க நெம்பறதுக்குள்ள கப்பல் போயிடுச்சு. ஒண்ணுதாங்க எடுத்தேன். அண்ணன்கிட்ட என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாத. மூச்ச இழுத்துப் புடி."

ஆஸ்பத்திரியில் ஆயுள் முழுக்க அவர் மற்றவர்களுக்குச் சொன்ன வாக்கியம். அழப் போனவர் சிரித்துவிட்டார்.

மறுநாள் குளியலறை இருட்டறையானது. ஜன்னலில் கம்பளி, கதவிடுக்கில் துண்டு. வெளியே கூடத்தில் மேஸ்திரி, அண்ணி, மாப்பிள்ளை. பிலிம் கழுவி எடுத்து, உலர்த்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது மாப்பிள்ளை மூக்கை நுழைத்தார். பிலிமில் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறியிருக்கும். முகம் விழாமல் போயிருந்தால் அந்த இடம் வெறும் கண்ணாடியாக இருக்கும். விழுந்திருந்தால் மெல்லிய புகை படிந்திருக்கும்.

"புகை தெரியுதா?" என்று கிசுகிசுத்தார்.

"தள்ளுங்க. உங்க மூச்சுல அது கலைஞ்சிடும்" என்று சொல்லி, படத்தைத் தாளில் அச்சுப் போடக் கதவைச் சாத்திக்கொண்டார் அம்மா. கண் மூடித் திறக்கும் நேரம்கூடப் பொறுக்க முடியாமல் மேஸ்திரி கூடத்தில் அலைந்தார்.

"கப்பல் எறக்கற அன்னிக்குக்கூட இவரு இப்படி அலையல" என்றார் அண்ணி. "ஒரு தூணுக்கு இவ்வளவு அவசரம் ஆகாதுங்க."

கதவு திறந்தது. தண்ணீர் சொட்டச் சொட்டப் படத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அம்மா வந்தார். மேசைமேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் படத்தை ஒட்டினாற்போல் விரித்தார்.

நான்கு தலைகள் குனிந்தன.

சிவப்பு விளக்கில் முதலில் எழும்பி வந்தது புருவம் என்று அம்மா அப்புறம் சொன்னார். ஒவ்வொரு மயிராக இருந்தது அந்தப் புருவம். நெற்றியில் வேர்வை இருந்தது, வேர்வையில் ஒட்டிய தூசி இருந்தது. பின்னால் கப்பலின் இரும்பில் வெல்டிங் தையல்கள் இருந்தன. ஆப்பு அப்போதுதான் பறந்திருக்க வேண்டும். சம்மட்டி கீழே தாழ்ந்திருந்தது. மேஸ்திரி ஆப்பைப் பார்க்கவில்லை. அண்ணாந்து கப்பலைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அந்த முகத்தை மாப்பிள்ளைக்குத் தெரியும். பஸ் படிக்கட்டில் நின்று லட்சம் தடவை பார்த்திருக்கிறார். ஆளை ஏற்றிவிட்டு, வண்டி நகர்ந்த பிறகும் கீழேயே நிற்பவர்களின் முகம் அது. மாப்பிள்ளை தலையை ஒதுக்கி மச்சானுக்கு இடம் விட்டார்.

மேஸ்திரி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விரலால் படத்தின் ஒரு பாதியைக் காட்டினார். அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை.

"ஆறு எங்கம்மா?"

"உன் மூஞ்சிக்கு அளந்தேன்ணா. அதுக்கு ஆறு தாங்காது, வெளுத்துடும்." தங்கை தயங்கினார். "வேணும்னா சொல்லு. அச்சு போடறப்போ உன்ன மறைச்சிட்டு அந்தப் பக்கத்துக்கு மட்டும் கூடக் கொஞ்சம் வெளிச்சம் காட்டினா, தண்ணி வரும், அலைகூட வரும். இன்னொரு தாள்தான்."

மேஸ்திரி யோசித்தார். கப்பல் ஒன்று ஆறே இல்லாத வெள்ளையில் இறங்குவது அவர் தொழிலுக்கு அழகா என்று யோசித்திருக்கலாம்.

அண்ணி படத்தைத் தட்டோடு தூக்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கணவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஆறு வேண்டாம், விடுங்க" என்றார். "தண்ணி எப்படி இருக்கும்னு ஊருக்கே தெரியும். இந்த மூஞ்சிய நானே இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"அப்படியே இருக்கட்டும்மா" என்றார் மேஸ்திரி, தங்கையிடம்.